குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒரே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி: சர்க்கரையும் தொப்பையும் உள்ளவருக்கு அது போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 56. வலது தொடையிடுக்கில் குடலிறக்கம். நின்றாலோ இருமினாலோ எலுமிச்சை அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். வலி பெரிதாக இல்லை. எடை 94 கிலோ, உயரம் 166 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 9.4. பிரஷர் 148/92. ட்ரைகிளிசரைடு 240, நல்ல கொழுப்பு 34. தினம் ஐந்தாறு சிகரெட். இரண்டு வாரத்தில் திறந்த முறையில் வலை வைத்து ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். தியேட்டரில் ஒரே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, அதோடு சரி என்கிறார் டாக்டர். போன வருஷம் இதே ஆபரேஷன் செய்துகொண்ட சித்தப்பாவுக்கு மூன்று நாள் ஊசியும் ஏழு நாள் மாத்திரையும் கொடுத்தார்கள். அவருக்குச் சர்க்கரையே கிடையாது. எங்களுக்குப் பயமாக இருக்கிறது. முன்கூட்டியே வீட்டில் மாத்திரை ஆரம்பித்துவிடலாமா? சின்ன வயதில் பெனிசிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்ததாகவும் அப்பா சொல்கிறார்.
வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: டாக்டர் சொன்னது சரி. சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம் மூன்றும் அமைந்தால் ஒரே ஊசி போதும். வீட்டில் மாத்திரை ஆரம்பிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதிய எண்களில் என்னை உறுத்துவது 9.4. அதை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் வலை வைப்பது பற்றி உங்கள் டாக்டரிடம் இன்னொரு முறை பேசுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இடுப்புச் சுற்றளவு (நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80), ட்ரைகிளிசரைடு 150, நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50, பிரஷர் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 என்று ஐந்து எல்லைக்கோடுகள் உண்டு. நல்ல கொழுப்பு மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, மற்றவை கோட்டைத் தொடக் கூடாது. ஐந்தில் மூன்று தவறினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். உங்கள் அப்பாவுக்கு ஐந்துமே தவறியிருக்கிறது. இந்தப் பெயரைத் தலைப்பாகப் போட்டுத் தனி ஊசி அளவு எதுவும் வழிகாட்டுதல்களில் கிடையாது. ஆனால் அதன் உறுப்புகளான பருமனும் கட்டுப்படாத சர்க்கரையும் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டுபவை. புகை அதோடு சேர்ந்துகொள்கிறது. தோலுக்குக் கீழே தடித்த கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. ரத்தத்தில் போகும் மருந்து அங்கே குறைவாகவே சேரும், ஆக்சிஜனும் அப்படித்தான். சர்க்கரை ஏறியிருக்கும்போது, கிருமியைத் தேடிப் போய் விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. சிகரெட் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

தொடையிடுக்கு ஆபரேஷனைச் 'சுத்தமான ஆபரேஷன்' வகையில்தான் சேர்க்கிறோம். குடலை வெட்டித் திறப்பதில்லை என்பதால் உள்ளிருந்து கிருமி வர வழியில்லை. வருவதெல்லாம் பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ். சாதாரணக் காயமாக இருந்தால் உடம்பே அதைச் சமாளித்துவிடும். வலை இருப்பதுதான் இங்கே சிக்கல். 1957-ல் லண்டனில் எலெக், கோனன் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் இந்தக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஒரு பட்டுத் தையல் நூல் உள்ளே இருந்தபோது சில நூறே போதுமாக இருந்தது. உடம்புக்கு அந்நியமான பொருளின் மேல் ஒட்டிக்கொண்ட கிருமி, தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கிறது. அதற்குள் வெள்ளணுவும் மருந்தும் எளிதில் நுழைய முடியாது. தையல் நூலுக்கே இப்படி என்றால், 15 செ.மீ. நீளமுள்ள பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலைக்கு எவ்வளவு எச்சரிக்கை தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் மருந்து அங்கே காத்திருக்க வேண்டும், கிருமி வந்த பிறகு போய்ச் சேரக் கூடாது. இதைத் தெளிவாகக் காட்டியது 1961-ல் ஜான் பர்க் கினிப் பன்றிகளில் செய்த சோதனை. கிருமி நுழையும்போது மருந்து திசுவில் இருந்தால் புண் கிட்டத்தட்ட வரவேயில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்து, கொடுக்காததற்குச் சமமாகிவிட்டது. வெட்டும் நேரத்திலிருந்து தைத்து மூடும் நேரம் வரை திசுவில் மருந்து நிறைந்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யத்தான் இந்த ஒரு ஊசி. முதல் நாள் இரவு விழுங்கிய மாத்திரை காலை கத்தி படும்போது பாதிக்கு மேல் சிறுநீரில் போயிருக்கும். வீட்டில் சில நாள் முன்பே ஆரம்பித்தால் இன்னொரு கேடும் உண்டு. தோலிலும் குடலிலும் உள்ள சாதுவான கிருமிகள் செத்து, மருந்துக்கு மசியாதவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றோடுதான் உங்கள் அப்பா தியேட்டருக்குள் போவார்.

எந்த ஊசி? பெரும்பாலான வழிகாட்டுதல்களில் முதலில் இருப்பது செஃபசோலின். பழைய மருந்து, விலை குறைவு, தோல் கிருமிகளை நன்றாகக் கொல்லும். நம் ஊரில் பழக்கத்தால் செஃப்ட்ரியாக்சோன் போடுகிறார்கள். அது குடல், சிறுநீர்க் கிருமிகளுக்கு நல்ல மருந்து, ஸ்டாஃபிலோகாக்கஸை அடக்குவதில் செஃபசோலினுக்குப் பின்னால்தான் நிற்கும். தேவையில்லாத இடத்தில் அதைச் செலவழிப்பது எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகளை வளர்க்கவும் உதவும். செஃபசோலின் கிடைக்காத இடத்தில் செஃபுராக்சிம் 1.5 கிராம் போடலாம்.

அளவில்தான் நிறையத் தவறு நடக்கிறது. செஃபசோலின் குப்பி பெரும்பாலும் 1 கிராம்தான் வரும். 'ஒரு குப்பி, ஒரு ஆள்' என்று போட்டுவிட்டால் 94 கிலோ உடம்பில் கொழுப்புத் திசுவுக்குப் போதாது. வயது வந்தவருக்கு 2 கிராம், அதாவது இரண்டு குப்பி. 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். அதனால் ஆபரேஷன் தாளில் எடையைக் கண்ணளவில் எழுத விடாதீர்கள், அன்றைக்குத் தராசில் நிறுத்துச் சொல்லுங்கள். ரத்தக் குழாய் வழியே மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ஏற்றுவார்கள். கத்தி படுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் மருந்து முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். வார்டில் காலை ஏழு மணிக்குப் போட்டுவிட்டு, தியேட்டரில் முந்தைய கேஸ் நீண்டு, பத்தரைக்குத்தான் வெட்டினார்கள் என்றால் அந்த ஊசி வீண்தான். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஊசியை வார்டில் போடாமல் தியேட்டர் மேசையிலேயே போடச் சொல்வது இதனால்தான். ஊசி போட்டு நான்கு மணி நேரம் தாண்டியும் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தால், அல்லது ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால், இன்னொரு ஊசி வேண்டும். ஒரு பக்கத் தொடையிடுக்குக் குடலிறக்கத்தில் இந்த இரண்டும் நடப்பது மிக அரிது. சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் இந்த ஒரு டோசைக் குறைக்க வேண்டியதில்லை.

பெனிசிலின் விஷயத்தை மயக்க மருந்து டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எந்த வயதில், ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில், தடிப்பு மட்டுமா, மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்ததா, தோல் உரிந்ததா என்று விவரமாகச் சொல்ல வேண்டும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்குச் செஃபலோஸ்போரினே (செஃபசோலின் சேர்ந்த மருந்துக் குடும்பம்) ஆகாது என்ற பழைய எண்ணம் செஃபசோலின் விஷயத்தில் பொருந்தாது. அதன் வேதியியல் அமைப்பில் பக்கவாட்டுச் சங்கிலி பெனிசிலினுடையதைப் போன்றதில்லை. சிறுவயதுத் தடிப்பு மட்டும் என்றால் செஃபசோலினைத் தடுக்க அது காரணம் ஆகாது. தோல் கொப்பளித்து உரிந்து ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்கு இருந்திருந்தால் மாற்று மருந்து யோசிப்பார்கள். கிளிண்டமைசின் 900 மி.கி., அல்லது வான்கோமைசின் கிலோவுக்கு 15 மி.கி. வான்கோமைசினை வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து பிரஷர் இறங்கிவிடும். 94 கிலோ ஆளுக்கு அது ஒன்றரை மணி நேரமாவது மெதுவாக இறங்க வேண்டும். எனவே அதை மட்டும் வெட்டுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது வழக்கம். கையில் லேசாகக் குத்திப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் 'நார்மல்' என்றால் ஒவ்வாமை வராது என்று உறுதி கிடையாது. அதை நம்பி நீங்கள் கதையைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

இனி சித்தப்பாவின் பத்து நாள். தோலின் ஓரங்கள் ஒன்று இரண்டு நாளில் ஒட்டிவிடும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து கிருமி நுழைய வாசல் இல்லை. உள்ளே ஏற்கெனவே வலையில் படலம் கட்டியிருந்தால் ஏழு நாள் மாத்திரை அதைக் கரைக்காது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 2017-லும், உலக சுகாதார அமைப்பு 2016-லும், தையல் போட்ட பிறகு தடுப்புக்காக ஆன்டிபயாடிக்கைத் தொடர வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த 79,000-க்கும் அதிகமான பெரிய ஆபரேஷன்களை ஆராய்ந்தார்கள். ஆன்டிபயாடிக்கை நீட்டிக்க நீட்டிக்கப் புண்ணில் சீழ் குறையவில்லை, சிறுநீரகப் பாதிப்பும் குடலில் வரும் கடுமையான கிருமி வயிற்றுப்போக்கும் மட்டும் கூடின. பன்னிரண்டு வருஷச் சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்கு இந்தச் சுமை தேவையா? 'சர்க்கரை இருக்கிறது, அதனால் ஐந்து நாள்' என்று எழுதுவது பரிவினால் வரும் பழக்கம்தான், ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது.

உடல்நலம் நன்றாக உள்ளவருக்கு இந்த ஒரு ஊசிகூடத் தேவையா என்பதே விவாதம். 2018-ல் வெளியான சர்வதேசத் தொடையிடுக்குக் குடலிறக்க வழிகாட்டுதல்கள், சீழ் பிடிக்கும் விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியில் சாதாரண ஆபத்துள்ளவருக்குத் திறந்த முறையில்கூட ஊசி வேண்டியதில்லை என்கின்றன. அதற்கு மேல் உள்ள இடங்களிலும், ஆபத்துக் காரணங்கள் கூடிய நோயாளிக்கு எந்த இடத்திலும் ஊசி போட வேண்டும். உங்கள் அப்பா இரண்டாவது பட்டியல். 'உங்கள் ஆஸ்பத்திரியில் வலை வைத்த குடலிறக்கத்தில் சீழ் பிடிப்பது நூற்றுக்கு எத்தனை?' என்று கேட்பது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. கணக்கு வைத்திருக்கும் இடத்தில் தயங்காமல் பதில் வரும். சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அந்தத் துளைகள் தொடையிடுக்கின் வியர்வை மடிப்பிலிருந்து தள்ளி இருக்கும், காயமும் சிறிது. பருமனான, சர்க்கரை உள்ளவருக்கு அது நல்ல வழி. மயக்கம் தாங்க இதயமும் நுரையீரலும் ஒத்துழைத்து, அந்த முறையில் பழகிய கை கிடைத்தால் கேட்டுப் பாருங்கள்.

இப்போது 9.4-க்கு வருகிறேன். ஊசி கிருமியின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும், மிச்சத்தை விழுங்க வேண்டியது அப்பாவின் வெள்ளணுக்கள். ஆபரேஷன் என்ற அதிர்ச்சியிலேயே சர்க்கரை 40, 50 எகிறும். அவசரமில்லாத, வலை வைக்கும் ஆபரேஷனுக்குப் பல இடங்களில் ஹெச்பிஏ1சி 8-க்குக் கீழே வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்தக் கருத்துதான் எனக்கும். காத்திருப்பது ஆபத்தா என்றால், படுத்தால் உள்ளே போகிற, வலியில்லாத குடலிறக்கம் உள்ள ஆண்களைப் பற்றி 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆயிரம் பேர் ஒரு வருஷம் காத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான் திடீரென்று சிக்கிக்கொண்டது. (பெண்களுக்கு, குறிப்பாகத் தொடைப் பகுதிக் குடலிறக்கம் என்றால், இந்தக் கணக்கு பொருந்தாது, தள்ளிப்போடக் கூடாது.) ஆறிலிருந்து பத்து வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி மெதுவாகத்தான் இறங்கும். அதற்காகக் காத்திராமல், தினசரிக் குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றில் 130-க்குக் கீழேயும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழேயும் வருகிறதா என்று சர்க்கரை டாக்டருடன் பாருங்கள். தேவைப்பட்டால் இந்தக் காலத்துக்கு மட்டுமாவது இன்சுலின் போடத் தயங்காதீர்கள். சிகரெட்டை நான்கு வாரம் முன்பே முழுவதும் நிறுத்த வேண்டும், குறைப்பது கணக்கில் சேராது. ஆபரேஷனுக்குப் பின் வரும் இருமல் தையலை இழுப்பதும் அதோடு குறையும்.

மாத்திரைகளில் ஒன்றைக் குறிப்பாகப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். இவற்றை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம், மயக்கத்திலிருக்கும்போது அது தெரியாமல் போகும். மெட்ஃபார்மினை அன்று காலை மட்டும் தவிர்ப்பது வழக்கம். பிரஷர் மாத்திரைகளில் எதை அன்று காலை போடலாம், எதை விடலாம் என்று மயக்க மருந்து டாக்டரிடமே கேளுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்தது தோல். வியர்க்கும் தொடையிடுக்கில், தொப்பை மடியும் இடத்தில், சர்க்கரைக்காரருக்குப் படர்தாமரை இருப்பது சகஜம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். அரிப்பும் வட்டமான தடிப்பும் இருந்தால் அது முழுதும் ஆறிய பிறகுதான் அந்த இடத்தில் கத்தி வைக்க வேண்டும். காலில் புண், விரலிடுக்கில் வெடிப்பு, கொப்புளம் எதுவாக இருந்தாலும் அப்படியே. முந்தின இரவும் அன்று காலையும் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். தொப்புள் குழியையும் கழுவ வேண்டும். வீட்டிலோ வார்டிலோ முந்தின நாள் ரேசரால் மழிப்பது கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இரவு முழுக்கக் கிருமி பெருகும். முடி எடுத்தே ஆக வேண்டுமென்றால் தியேட்டருக்குப் போகும் முன் கிளிப்பர் மெஷினால் எடுப்பார்கள். தோலில் தடவும் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் தானாக உலர மூன்று நிமிடமாவது விட வேண்டும். மடிப்பில் தேங்கி நின்றால் மின்கத்தியால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

அன்றைய சர்க்கரையை 140-க்கும் 180-க்கும் நடுவில் வைத்துக்கொள்வது நல்லது, 200-ஐத் தாண்டக் கூடாது. வாந்தி வராமலிருக்கப் போடும் டெக்சாமெதசோன் சர்க்கரையை ஏற்றும். போட்டால் அடுத்த ஒரு நாள் அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். பழக்கத்தில் ஓடும் குளுக்கோஸ் ட்ரிப்பையும் கவனியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பயமுறுத்துவது பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லாத விஷயம். இரண்டாம், மூன்றாம் நாள் விதைப்பை நீலமாக மாறும். அது வழிந்த ரத்தம், தானாக மறையும். தையலுக்குக் கீழே வலியில்லாமல் நீர் சேர்ந்து பழைய புடைப்பு திரும்பியதுபோல் இருக்கும். ஆறு, எட்டு வாரத்தில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். அதை ஊசியால் குத்தி எடுக்க அவசரப்படாதீர்கள். சுத்தமான நீருக்குள் கிருமியைக் கொண்டுபோய் விடுவது அந்த ஊசியாகவே இருக்கலாம். கட்டை 48 மணி நேரம் பிரிக்காமல், பிறகு குளித்துத் துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும். மஞ்சளும் பவுடரும் வேண்டாம்.

நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தையலைச் சுற்றிச் சிவப்பு பரவி, சூடாகி, வலி குறையாமல் கூடி, காய்ச்சலோ சீழோ வந்தால் அன்றே காட்டுங்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். முதலில் சீழைக் கல்ச்சருக்கு எடுக்க வேண்டும். மாத்திரை விழுங்கிவிட்டால் எந்தக் கிருமி என்று தெரியாமலே போகும். தோலுக்குச் சற்றுக் கீழே மேலோட்டமாக மட்டும் இருக்கும் சீழைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் வலையை எடுக்காமலே ஆறிவிடும். லேப்ராஸ்கோப்பி செய்து மூன்று, நான்கு வாரம் கழித்து, ஆறிய துளையில் கட்டி வந்து தண்ணீராகக் கசிந்து, வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் மசியவில்லை என்றால், காசநோய்க் கிருமியின் உறவான வேறு ஒரு மைக்கோபாக்டீரியா இருக்கலாம் என்று டாக்டருக்கு நினைவூட்டுங்கள். கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமல் குழாய் நீரில் அலசுவதால் வருவது அது. எந்தத் தடுப்பு ஊசியும் அதைத் தடுக்காது, பரிசோதனைக் கூடத்திலும் தனியாகக் கேட்டால்தான் தேடுவார்கள். வலை வைத்த ஆபரேஷனுக்குக் கண்காணிப்பு 90 நாள். அதற்குப் பிறகும் மாதங்கள் கழித்துக் கசிவு வந்தால் வலையோடு தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

சர்க்கரையைச் சரிசெய்யக் காத்திருக்கும் இந்த வாரங்களில் ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். புடைப்பு திடீரென்று கல்லுபோல் இறுகி, படுத்தும் உள்ளே போகாமல், கடுமையாக வலித்தால், அல்லது வாந்தியும் வயிற்று உப்புசமும் வந்து காற்றும் மலமும் போகாமல் நின்றால், கையால் அழுத்தித் தள்ளப் பார்க்காமல், எதுவும் சாப்பிடக் கொடுக்காமல், ராத்திரியானாலும் நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அப்போது சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் ஆபரேஷனை நிறுத்தமாட்டார்கள். குடல் கறுத்திருந்தால் ஒரு ஊசிக் கணக்கும் அன்று பொருந்தாது. அது தடுப்பு என்ற கட்டத்தைத் தாண்டிச் சிகிச்சையாகிவிடும், மருந்தும் நாட்களும் வேறு.